பான்ஷீக்கு ஜெட் எத்தனை நம்பர்?

“பைப் மாத்தியாச்சு, பாட் ஃபில்டர் போட்டாச்சு. மெயின் ஜெட் எத்தனை நம்பர் போடணும்ணே?”

அக்டோபர் பிறந்தால் என் போனுக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். பைப் என்றால் எக்ஸாஸ்ட் பைப், பாட் ஃபில்டர் என்றால் பெட்டியில்லாத காற்று ஃபில்டர். ஜெட் என்பது கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஓட்டை போட்ட சின்னத் திருகு; நம்பர் கூடினால் ஓட்டை பெரிது. ஷார்ஜா சனாயாவில் (தொழிற்பேட்டையில்) குவாட் பைக், அதாவது மணலில் ஓட்டும் நாலு சக்கர பைக், வேலை பார்ப்பவன் நான். கேட்கிற வண்டி யமஹா பான்ஷீ என்ற குவாட். வெயில் கொஞ்சம் தணிந்ததும், கோடை முழுக்க ஷெட்டில் கிடந்த வண்டிகளை எல்லோரும் வெளியே இழுப்பார்கள். 2022 முதல் ஷார்ஜாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு. ஆகவே வியாழன் சாயங்காலத்துக்குள் வண்டி தயாராக வேண்டும் என்ற அவசரம் வேறு. “300 போடு” என்று சொல்லிவிட்டால் வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் “லீக் டெஸ்ட் பண்ணியாச்சா தம்பி?” என்று திருப்பிக் கேட்பேன். எதிர்முனையில் சத்தமே இருக்காது.

ஜெட் நம்பர் கடைசியாக வரவேண்டிய விஷயம் என்பது என் கட்சி. ‘ஜெட்டிங் சரியில்லை’ என்று என் முன்னால் வந்து நின்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஜெட்டின் மேல் குற்றமே இருந்ததில்லை. காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைந்திருக்கும், பெட்ரோல் எங்கோ தடைபட்டிருக்கும், இல்லையென்றால் கரண்டில் கோளாறு இருக்கும். அதையெல்லாம் ஜெட் மாற்றிச் சமாளிக்கப் பார்த்தால் நோய் ஒளிந்துகொள்ளுமே தவிர போகாது. பிறகு ஒரு நாள் மணல்மேட்டின் பாதியில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். யமஹா பான்ஷீ அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்றது. 347 சிசி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர், 64 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 54 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), ரீட் வால்வு, தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக். ஊரில் ராஜ்தூத் 350 பார்த்தவர்களுக்கு இது புரியும்: அதே யமஹா ஆர்டி பரம்பரையில் பின்னால் வந்த வாட்டர்கூல் எஞ்சினிலிருந்து எடுத்ததுதான் இது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக ஒரு 26 மி.மீ. மிக்குனி கார்ப்ரேட்டர். உற்பத்தி நின்று இத்தனை வருஷமாகியும் வளைகுடா மணலில் இதற்கு இருக்கும் மவுசு குறையவில்லை. அந்தச் சத்தம் வேறு எதிலும் வராது.

நான் தொழில் பழகியது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில். அதில் ஒரே கார்ப்ரேட்டர், ஒரே பிளக். கொஞ்சம் லீனாக இருந்தாலும் ரோட்டில் அது நம்மை மன்னித்துவிடும், ஏனென்றால் நம் ஊர் ரோட்டில் எத்தனை நொடிதான் முழு த்ராட்டிலில் போக முடியும்? சிக்னல் வரும், பஸ் வரும், குறுக்கே மாடு வரும். எஞ்சினுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். மணலில் அது கிடையாது. துபாயிலிருந்து ஹத்தா போகும் ரோட்டில் அல் பதாயர் அருகே ‘பிக் ரெட்’ என்று சிவப்பு மணல்மலை ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரம். பின்னால் பேடில் டயர் (துடுப்பு மாதிரி பட்டை வைத்த மணல் டயர்) மாட்டி அதில் ஏறும்போது த்ராட்டிலை விட்டால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் உச்சி வரும்வரை கட்டைவிரல் த்ராட்டில் லீவரை அமுக்கியபடியே இருக்கும். முழு லோடு, முழு த்ராட்டில், நடுவில் ஓய்வே இல்லை. ரோட்டில் வெளியே தெரியாத லீன் இங்கே பிஸ்டனில் ஓட்டையாக வெளிவரும். லீன் என்றால் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை, ரிச் என்றால் பெட்ரோல் கூடிவிட்டது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும், வழுவழுப்பும் சேர்ந்து குறையும்.

சரி, லீக் டெஸ்ட். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க்கேஸுக்குள் போய்த்தான் மேலே ஏறுகின்றன. அதனால் கிராங்க் சீல், சிலிண்டர் அடி பேக்கிங், ரீட் பிளாக், கார்ப்ரேட்டரை இணைக்கும் ரப்பர் பூட் இவற்றில் எங்கே சின்ன ஓட்டை இருந்தாலும், ஜெட் வழியே வராத காற்று உள்ளே நுழைகிறது. டெஸ்டுக்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பான் போட்டு மூடுங்கள். கார்ப்ரேட்டரைக் கழற்றிவிட்டு ஒரு பூட்டை அடைத்து, இன்னொன்றில் சைக்கிள் ட்யூப் வால்வு பொருத்திய அடைப்பான் செருகுங்கள். இரண்டு பூட்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயை விட்டுவிடாமல் அதையும் சேர்த்துச் சோதியுங்கள். வெடித்துப் போவதில் அதுதான் முதல். 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி ஆறு நிமிடம் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் வண்டி ஓட்டும் நிலையில் இல்லை. என்னைக் கேட்டால் அசையவே கூடாது.

நான் இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பழைய பிபி பார்க்கும் கருவியின் பம்பையும் மீட்டரையும்தான் வைத்திருக்கிறேன். அதில் 300 என்பது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ, போதுமானது. கம்ப்ரஸர் ஹோஸை நேரே பிடிக்காதீர்கள். சீல் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இறங்குகிறது என்றால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கிராங்க் சீலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வலது பக்கம் கிளட்ச் இருக்கிறது, அந்தச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை, ஈரமான வலது பிளக், குறையும் கியர் ஆயில் என்று வண்டியே சொல்லிவிடும். இடது பக்கம், மேக்னெட் இருக்கும் பக்கம், சீல் போனால் அங்கே உறிஞ்ச ஆயில் கிடையாது, வெறும் காற்று. சத்தமே இல்லாமல் லீன் ஆகும். இந்த இரண்டில் புகை விடுவதைப் பார்த்துத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது புகை விடாததைப் பார்த்து.

இரட்டைச் சிலிண்டரில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒன்று இன்னொன்றுக்குச் சாட்சி. இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் ஜெட்டைப் பற்றிப் பேசலாம். ஒன்று காப்பி நிறமாகவும் ஒன்று சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருந்தால் பேச்சு ஜெட்டைப் பற்றியே கிடையாது. ஒரே நம்பர் ஜெட் இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் எப்படி லீன் ஆகும்? அந்தப் பக்கம் லீக், அல்லது ஜெட்டில் அடைப்பு, அல்லது கார்ப்ரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு சமமாக ஏறவில்லை. வெள்ளைப் பக்கத்துக்கு மட்டும் பெரிய ஜெட் போட்டுச் ‘சமன்’ செய்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆர்எக்ஸில் இந்தச் சாட்சி கிடையாது, காதையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும்.

போன சீசனில் ஒரு வண்டி வந்தது. சமதளத்தில் நன்றாக ஓடும், சின்ன மேடுகளில் பிரச்சினை இல்லை. பெரிய மேட்டில் முக்கால்வாசி ஏறியதும் மூச்சடைத்த மாதிரி நின்றுவிடும். ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்துப் பையன், ஒரு அர்பாபிடம் டிரைவர். முதலாளியின் மகனுக்காக வண்டியைப் பார்த்துக்கொள்கிறார்.

“அண்ணே, மெயின் ஜெட்ட ஏத்திக்கிட்டே போறேன். 290, 300, 320. மேல போனா நிக்கத்தான் செய்யுது. கீழ இப்ப கொரகொரங்குது.”

“மேட்டுல நின்னதும் என்ன பண்ணுவ?”

“கொஞ்ச நேரம் விட்டுட்டு அடிச்சா ஸ்டார்ட் ஆயிடும். திரும்ப நல்லா ஓடும்.”

கொஞ்ச நேரம் விட்டால் சரியாகிறது என்பதுதான் துப்பு. ஜெட் சிறிதாக இருந்தால் முழு த்ராட்டில் அமுக்கிய சில நொடியிலேயே தெரிந்துவிடும், முக்கால் மேடு வரை காத்திருக்காது. இங்கே கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோலை எஞ்சின் குடித்துத் தீர்க்கும் வேகத்துக்கு மேலேயிருந்து வரத்து இல்லை. டேங்க் மூடியைத் திறந்தேன், ‘உஸ்’ என்று காற்றை இழுத்தது. மூடியிலிருந்து போகும் காற்றுக் குழாயின் முனையில் மணல் கெட்டியாக அடைத்திருந்தது. டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? குழாயைச் சுத்தம் செய்து, பெட்ரோல் டேப்பின் சல்லடையையும் கழற்றிப் பார்த்து, ஜெட்டை மறுபடி 300-க்கு இறக்கினோம். வண்டி உச்சிக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஜெட் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு பெட்ரோல் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்து ஓட்டத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூடியைப் பூட்டிவைத்தபடியே பிடிக்க வேண்டும், திறந்துவைத்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. தடையில்லாமல், மெலியாமல் வர வேண்டும். போர்ட்டிங் (சிலிண்டரின் வாய்களைப் பெரிதாக்குவது), பெரிய கார்ப்ரேட்டர் என்று போனவர்களுக்குப் பழைய டேப்பே போதாமல் போகலாம். அகலமான டேப் விற்கிறார்கள். கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் காற்றுக் குழாய்களையும் மறக்கக் கூடாது. அவை கீழே தொங்கிக்கொண்டு மணலில்தான் வாய் வைத்திருக்கும்.

கரண்ட் பக்கம் ஒரே ஒரு ஆளைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்: டார்ஸ். கார்ப்ரேட்டரில் ஸ்லைடு மாட்டிக்கொண்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்த யமஹா வைத்த பாதுகாப்பு அமைப்பு அது. கட்டைவிரல் லீவரில் ஒரு சுவிட்ச், கார்ப்ரேட்டர் தலையில் சுவிட்ச். இரண்டும் முரண்பட்டால் பொறியை வெட்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் சுவிட்ச் பழசாகிவிட்டால் காரணமில்லாமல் வெட்ட ஆரம்பிக்கும், கேட்பதற்கு அப்படியே ரிச் மிக்ஸர் திணறுவது போல இருக்கும். பாதிப் பேர் ஐடிலுக்கான சின்ன ஜெட்டான பைலட் ஜெட்டை இறக்கிக்கொண்டே போவார்கள். பெரும்பாலான வண்டிகளில் இதைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். கழற்றினால் ஸ்லைடு திரும்பி வரும் ஸ்பிரிங், கேபிள், கில் சுவிட்ச் மூன்றும் கச்சிதமாக இருக்க வேண்டும், ஏனென்றால் த்ராட்டில் மாட்டிக்கொண்டால் இனி உங்களைக் காப்பாற்ற அது இல்லை.

அப்புறம் சின்க், அதாவது இரண்டு கார்ப்ரேட்டரும் ஒன்றாகத் திறப்பது. ஒரு கேபிள் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஸ்லைடையும் தூக்குகிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரே அளவு டிரில் பிட் இரண்டை எடுத்து ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் ஒன்று வைத்து, லீவரை மெதுவாக அமுக்குங்கள். இரண்டும் ஒரே கணத்தில் விழ வேண்டும். ஒன்று முன்னே விழுந்தால் கேபிள் அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். முழுதாக அமுக்கும்போது இரண்டு ஸ்லைடும் வழியிலிருந்து முழுவதும் விலகுகிறதா என்றும் விரல்விட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் ஜெட் பார்ப்பது இரண்டு வேறு எஞ்சினுக்கு ஒரே மருந்து கொடுப்பதுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஜெட் பெட்டி.

த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை செய்யும் பாகம் மாறும். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கத்தி வெட்டு போல இல்லை, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும். வண்டி ‘எந்த ஸ்பீடில்’ திணறுகிறது என்று கேட்டுப் பயனில்லை, எந்த த்ராட்டிலில் என்றே கேட்க வேண்டும். ஐந்தாவது கியரில் கால் த்ராட்டிலும் இரண்டாவது கியரில் கால் த்ராட்டிலும் கார்ப்ரேட்டருக்கு ஒரே பாகம்தான். இதற்காக லீவர் பக்கம் வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரால் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுவிடுவேன். ஓட்டுகிறவர் “பாதிக்கு மேல ஒரு மாதிரி இருக்கு” என்று சொல்வதற்குப் பதில் “ரெண்டாவது கோட்டுல” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கம்பெனியிலிருந்து வரும்போது இந்த வண்டியில் மெயின் 200, பைலட் 25. ஃபில்டர் பெட்டி மூடியைத் தூக்கி எறிந்து, பாட் ஃபில்டரும் நல்ல எக்ஸ்பான்ஷன் பைப்பும் போட்டால், கடல் மட்டத்தில் மெயின் 280-லிருந்து 320 வரை எங்காவது நிற்கும்; பைலட் 27.5 அல்லது 30. பைப், ஃபில்டர், போர்ட்டிங் மூன்றும் ஒன்றாக இருக்கும் இரண்டு வண்டிகளுக்கே எண் வேறுபடும். எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு மட்டும் இந்த எண்கள் உதவும்; நான் வேண்டுமென்றே பெரிய பக்கத்திலிருந்து தொடங்குவேன். ரிச்சாக இருந்தால் வண்டி கொரகொரக்கும், பிளக் நனையும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் சிலிண்டரை மறுபடி போர் அடிக்கும் செலவு.

முதலில் ஐடிலை ஓரளவு நிறுத்திக்கொள்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி, ஐடில் வேகம் அதிகபட்சமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடம் உள்ளிருந்து ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் வந்தால் பைலட் சரி. ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் சிறிது, இரண்டரையைத் தாண்டினால் பைலட் பெரிது. இது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, வெளியே திருகினால் லீன். சில கார்ப்ரேட்டர்களில் எஞ்சின் பக்கம் இருக்கும் பெட்ரோல் ஸ்க்ரூ நேர் எதிர், அதைப் பழகியவர்கள் இங்கே கவனம்.

அடுத்து மெயின். இதை நடுவில் செய்வதற்குக் காரணம் உண்டு: எஞ்சினைக் கொல்லக்கூடியது இதுதான், அதோடு நீடிலுக்குப் போகும் பெட்ரோலும் மெயின் வழியாகத்தான் வருகிறது. முழு த்ராட்டிலில் உயர் கியரில் நீளமாக இழுக்க வேண்டும். ரிச்சாக இருந்தால் மேல் ஆர்பிஎம்மில் ‘ப்ர்ர்ர்’ என்று ஒரு கொரகொரப்பு, எஞ்சின் முழுதாகத் திறக்காது. ஒரு நம்பர் இறக்குங்கள், மறுபடி ஓட்டுங்கள். கொரகொரப்பு உச்சியில் மட்டும் லேசாகத் தொட்டுவிட்டு மறையும் இடம் வரும். அதற்கும் ஒரு நம்பர் கீழே போனால் சத்தம் கண்ணாடி மாதிரி சுத்தமாகிவிடும், எல்லோருக்கும் பிடிக்கும், வண்டியும் வேகமாக இருக்கும். மணலில் நான் அங்கே நிறுத்துவதில்லை. லேசாகத் தொடும் இடத்திலேயே விட்டுவிடுவேன். இதில் ரேஸ் ஓட்டுகிற பையன்களுக்கும் எனக்கும் தீராத சண்டை. அவர்கள் ஓட்டுவது சில நொடி இழுவைப் போட்டி, அதற்கு அவர்கள் சொல்வது சரி. ராத்திரி முழுக்க மேடு ஏறி இறங்கும் வண்டிக்கு நான் சொல்வது சரி.

நீடில் கடைசி. கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் இறங்கும், லீன். கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் ரிச். அரை த்ராட்டிலில் நிலையாக ஓட்டிக்கொண்டே சோக்கைத் துளி இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் அங்கே லீன், மோசமானால் ரிச். டக்கென்று லீவரை அமுக்கும்போது சத்தமே இல்லாமல் ஒரு பள்ளம் விழுந்தால் லீன், கொரகொரத்துவிட்டு எழுந்தால் ரிச். த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினால், முதலில் சொன்ன லீக் டெஸ்டுக்கு மறுபடி போங்கள். நீடில் முடிந்ததும் ஏர் ஸ்க்ரூவை இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் மணலில் நண்பர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று யோசனை சொல்லும்போது அதுதான் முதலில் பறந்துபோகும்.

பிளக் படிப்பதைப் பற்றி நிறையக் கதை உலவுகிறது. ஓட்டிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்து, ஐடிலில் நிறுத்திக் கழற்றிய பிளக் ஐடிலைப் பற்றித்தான் சொல்லும். மெயின் ஜெட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் புது பிளக் இரண்டு போட்டு, முழு த்ராட்டிலில் நீளமாக இழுத்து, அதே நிலையில் கில் சுவிட்சையும் கிளட்சையும் ஒன்றாக அமுக்கி, எஞ்சின் செத்தபடியே உருண்டு நிற்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் நுனி கிடையாது, பீங்கான் உள்ளே போய் முடியும் அடியில் இருக்கும் வளையம். லென்ஸும் டார்ச்சும் வேண்டும். நான் பழைய பிளக்கின் மரையை அறுத்தே பார்த்துவிடுவேன். இந்தக் காலத்துப் பெட்ரோலில் நிறம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது, அதனால் ‘வெள்ளையாக இருக்கிறது’ என்று பதறி ஜெட்டை ஏற்றுகிறவர்களும் உண்டு. பீங்கானில் மிளகுத் தூள் மாதிரி கருப்பாகவோ பளபளப்பாகவோ புள்ளி தெரிந்தால் மட்டும் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். அது பிஸ்டன் உதிர்வது.

பிளக்கைவிட நான் நம்புவது பிஸ்டன் தலையை. பிளக் ஓட்டை வழியே சின்ன கேமரா விட்டால் தெரியும்: டிரான்ஸ்ஃபர் போர்ட் இருக்கும் ஓரங்களில் புது பெட்ரோல் கழுவிக் கழுவி வெளுத்த திட்டுகள் இருக்கும், மீதி கரி. திட்டே இல்லாமல் எல்லா இடமும் கரியோ உலர்ந்த சாம்பலோ என்றால் லீன். பாதித் தலை கழுவியிருந்தால் ரிச்.

எஞ்சின் ஏற்கனவே பிடித்துவிட்டால், ஜெட்டைத் திட்டும் முன் பிஸ்டனைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உராய்ந்திருந்தால் லீன் அல்லது அதிகச் சூடு. நான்கு மூலையிலும் நான்கு கோடு இருந்தால் குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றாமல் முறுக்கியிருக்கிறார்கள்; ஜனவரி ராத்திரியில் ரேடியேட்டர் தண்ணீர் குளிர்ந்து கிடக்க, பிஸ்டன் மட்டும் வேகமாக விரிந்துவிடும். இன்டேக் பக்கம் தேய்ந்து கோடு விழுந்திருந்தால் ஃபில்டர் வழியே மணல். மூன்றும் கடைசியில் ‘ஜெட் சரியில்ல’ என்ற ஒரே வாக்கியத்தில்தான் என்னிடம் வருகின்றன.

இனி பருவம். அக்டோபர் மதியம் இங்கே 38 டிகிரி இருக்கும், ஜனவரி நள்ளிரவில் பாலைவனத்தில் 13-க்கு இறங்கும். இந்த இரண்டுக்கும் இடையே காற்றின் அடர்த்தி 8 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. காற்று அடர்ந்தால் கார்ப்ரேட்டர் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலைத் தானே இழுக்கும், ஆனால் தேவையில் பாதிக்குத்தான் இழுக்கும். மீதிப் பாதி, ஏறக்குறைய 4 விழுக்காடு, ஜெட்டில் நாம் கொடுக்க வேண்டியது. 300 போட்ட வண்டிக்கு அது 12. மிக்குனியின் பெரிய ஹெக்ஸ் ஜெட் 200-க்கு மேல் பத்துப் பத்தாகத்தான் வரும், ஆக ஒரு நம்பர் ஏற்ற வேண்டும். கணக்கு சிறியது, ஆனால் திசைதான் ஆபத்து. அக்டோபரில் ‘சூப்பரா செட் ஆயிடுச்சு’ என்று விட்ட வண்டி குளிர் ராத்திரியில் தானாகவே லீன் பக்கம் போகிறது. குளிரில் வண்டி நன்றாக இழுக்கிறதே என்று ஓட்டுகிறவரும் கூடுதலாக அமுக்குவார். ஊட்டிக்கு ஆர்எக்ஸ் ஏற்றியவர்கள் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருப்பார்கள்: மேலே போகப் போகக் காற்று மெலிந்து, வண்டி மந்தமாக இழுக்கும், பிளக் கறுக்கும்.

ஆயில் கலப்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பயந்துபோய் 32:1-லிருந்து 20:1-க்கு ஆயிலைக் கூட்டினால் மிக்ஸர் ரிச் ஆகும் என்று நினைக்கிறார்கள். ஜெட் வழியே போகும் திரவத்தின் அளவு மாறாது. அதில் ஆயில் பங்கு கூடினால் பெட்ரோல் பங்கு குறையும், அதாவது லேசாக லீன். எந்த விகிதம் என்று ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு ஜெட் செட் செய்த பிறகு அதை மாற்றாதீர்கள். நான் போடுவது 32:1. 20 லிட்டர் கேனுக்கு 625 மில்லி. அளவு ஜாடியில் ஊற்றுங்கள், மூடியில் கண் அளவாக வேண்டாம். ஹெட்டைச் சீவியோ டோம் மாற்றியோ கம்ப்ரஷன் ஏற்றியவர்கள், டைமிங் பிளேட்டில் முன்னே தள்ளியவர்கள் 98 ஆக்டேன் பெட்ரோலுக்குப் போகட்டும். எஞ்சின் ‘நாக்’ அடிக்கும் சத்தத்தை ஜெட் ஏற்றி அடக்க முடியாது.

ஜெட் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். பை பையாக மலிவு விலையில் வரும் ஜெட்டுகளில் மேலே 300 என்று அடித்திருக்கும், ஓட்டை வேறு கதை சொல்லும். அசல் மிக்குனியில் சதுரத்துக்குள் சதுரம் முத்திரை இருக்கும். மிக்குனி எண்ணும் கெய்ஹின் எண்ணும் ஒன்று கிடையாது. பெரிய கெய்ஹின் கார்ப்ரேட்டர் மாட்டிவிட்டு அதற்கு 300 தேடிக் கடை கடையாக அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். கம்பி விட்டுக் குடைந்த ஜெட்டைக் குப்பையில் போடுங்கள். அதன் எண் இனி யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வண்டிக்கும் டேங்க் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைக்கிறேன்: மெயின், பைலட், கிளிப் எந்தப் பள்ளம், ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று, அன்றைய வெப்பம், ஆயில் விகிதம், லீக் டெஸ்ட் செய்த தேதி. வண்டி கைமாறினாலும் ஸ்டிக்கர் கூடவே போகும்.

மார்ச் கடைசியில் வண்டியை மூடி வைக்கும்போது பெட்ரோல் டேப்பை அடைத்துவிட்டு, இரண்டு கார்ப்ரேட்டர் கிண்ணத்தையும் கழற்றிக் காலி செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோடையில் ஷெட்டுக்குள் பெட்ரோல் ஆவியாகிப் போய், கூட இருந்த ஆயிலும் பசையும் பைலட் ஜெட்டின் ஊசி ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அக்டோபரில் போன் வரும்: “அண்ணே, போன சீசன்ல நல்லா ஓடுச்சு, இப்ப ஐடிலே நிக்க மாட்டேங்குது. பைலட் எத்தன நம்பர் போடணும்?”